அத்தைக்கு என்ன தெரியாது?

என் அத்தைக்கு 74 வயது. கும்பகோணத்தில், மாமா கட்டிய வீட்டில் தனியாக இருக்கிறார். போன தை மாதம் வைப்புத்தொகை ஒன்றைப் புதுப்பிக்க வங்கிக்குப் போயிருக்கிறார். கவுண்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாளாம். "இதெல்லாம் ஆப்லயே பண்ணிக்கலாமேம்மா, ரொம்ப ஈஸி. வீட்ல பசங்க யாராவது இருந்தா கேளுங்க, ரெண்டு நிமிஷத்துல பண்ணிக் குடுத்துடுவாங்க." வீட்டுக்கு வந்து எனக்குப் போன் செய்தார். "எனக்கு இந்த டெக்னாலஜியெல்லாம் வராதுடா, வயசாயிடுச்சு" என்றார். வகுப்பில் திட்டு வாங்கிவிட்டு வந்த பிள்ளையின் குரல்.

வயதானதை நான் மறுக்கப் போவதில்லை. வராது என்பதைத்தான் மறுக்கிறேன்.

கல்யாணமாகி வந்த புதிதில் அத்தை வாங்கிய கால்மிதித் தையல் மெஷின் இன்னும் கூடத்து ஜன்னலோரம் இருக்கிறது. அதில் ஒரு தடவையாவது உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது லேசுப்பட்ட யந்திரம் இல்லை. மேல்நூலை இன்ன வளையம், இன்ன கொக்கி என்று வரிசை மாறாமல் கோக்க வேண்டும். பாபினில் நூல் சீராகச் சுற்றியிருக்க வேண்டும். வாயில் துணிக்கு ஒரு ஊசி, காடாவுக்கு வேறு ஊசி. சக்கரத்தைத் தப்பான பக்கம் தள்ளினால் அடியில் நூல் கொத்தாகச் சிக்கிக்கொள்ளும். தீபாவளிக்கு முந்தின ராத்திரி கரண்ட் போனபோது, அரிக்கேன் வெளிச்சத்தில் எங்கள் நாலு பேருக்குத் தைத்து முடித்தவர் இவர். குக்கருக்கு கேஸ்கட் மாற்றுவார். கிரைண்டர் பெல்ட் வழுக்குவதைச் சத்தத்திலேயே கண்டுபிடிப்பார். பம்ப் ஸ்டவ்வை ஸ்டவ் பின் கொண்டு குத்தி அடைப்பெடுத்த தலைமுறை. இவருக்கு டெக்னாலஜி வராதாம்.

அதிகாரி, பேரன், டிவியில் பேசுகிறவர் என்று எல்லாரும் இன்று ஒத்துக்கொண்டுவிட்ட கருத்து ஒன்று உண்டு: கருவி சுலபமாகத்தான் இருக்கிறது, பயன்படுத்தத் தெரியாதவரிடம்தான் குறை. மேடையில் சொல்லும்போது 'டிஜிட்டல் எழுத்தறிவு இல்லை', 'விழிப்புணர்வு போதவில்லை' என்று அதற்குச் சட்டை மாட்டிவிடுவார்கள். வீட்டுக்குள் சட்டை கிடையாது: "எத்தன வாட்டி சொல்றது?" நானும் சொல்லியிருக்கிறேன், இதே அத்தையிடம். அவர் கையிலிருந்து போனைப் பிடுங்காத குறையாக வாங்கி, என்ன செய்கிறேன் என்று காட்டாமலேயே நாலு தட்டுத் தட்டித் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். ஆகவே இந்த மறுப்பில் எனக்கும் பங்கு உண்டு, குற்றவாளிக் கூண்டில்.

குறை யாரிடம் என்ற வழக்கு பழையது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் சில பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு ஓடுபாதையிலேயே வயிறு தேய விழுந்தன. இறக்கையின் மடிப்புத் தட்டுகளை உள்ளிழுக்க வேண்டிய விமானி, சக்கரங்களை உள்ளிழுத்துவிடுவார். 'விமானியின் தவறு' என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். ஆல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் 1943இல் இதை ஆராய வந்தவர், விமானியைப் பார்ப்பதற்கு முன் விமானத்தைப் பார்த்தார். இரண்டு விசைகளும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே உருவத்தில் இருந்தன. சி-47 விமானத்தில் அவை அப்படி இல்லை. அதை ஓட்டியவர்களிடம் இந்தத் தவறும் இல்லை. சக்கர விசையின் நுனியில் சின்னதாக ஒரு ரப்பர் சக்கரத்தையும், மற்றதில் ஆப்பு மாதிரி ஒரு துண்டையும் பொருத்தச் சொன்னார். இருட்டில் தடவினாலே எது எது என்று கை சொல்லிவிடும். இன்றைக்கும் விமானத்தில் சக்கர விசை சக்கர வடிவத்தில்தான் இருக்கிறது. விமானிகளுக்கு விழிப்புணர்வு முகாம் நடத்தி ஜெயித்த கதை இல்லை இது.

அத்தை வீட்டு டிவிக்கு வருவோம். அதற்கு இரண்டு ரிமோட். ஒன்று டிவியுடையது, இன்னொன்று கேபிள்காரர் வைத்துவிட்டுப் போன பெட்டியுடையது. இரண்டும் கறுப்பு, ஒரே நீளம், இரண்டிலும் அணைக்கும் பொத்தான் ஒரே மூலையில். ராத்திரிச் செய்தி பார்க்க உட்கார்ந்து ஒன்றை மாற்றி அழுத்தினால் நீலத் திரையில் 'நோ சிக்னல்' வரும். பிறகு எதை அழுத்தினாலும் இன்னும் தூரமான ஊருக்கு அது கூட்டிக்கொண்டு போகும். அந்த ரிமோட்டிலேயே பெரிய, பளிச்சென்ற பொத்தான்கள் எவை தெரியுமா? அத்தை வாழ்நாளில் சந்தா கட்டப்போகாத ஓடிடிகளின் பெயர் போட்டவை. அந்த இடத்தைப் பிடிக்க அவர்கள் டிவிக்காரர்களுக்குக் காசு கொடுக்கிறார்கள். செய்திச் சேனல் பார்க்க நினைக்கும் கிழவிக்காக யார் காசு கொடுப்பார்கள்?

இது சில்லறை விஷயம்தான். பணம் போகும் இடத்துக்கு வருகிறேன்.

யுபிஐயில் 'பணம் கேட்கும்' வசதி ஒன்று இருந்தது. நான் உங்களுக்கு 500 ரூபாய் தரவேண்டுமென்றால், நீங்கள் என் போனுக்கு ஒரு கோரிக்கை அனுப்பலாம். நான் பின் எண்ணைப் போட்டால் பணம் உங்களுக்கு வந்துவிடும். காகிதத்தில் அழகான யோசனை. நடந்தது என்ன? பழைய பீரோவை விற்க விளம்பரம் போட்டவருக்கு ஒரு போன் வரும். "சார், அட்வான்ஸ் அனுப்பறேன், ஸ்க்ரீன்ல வரும், பின் போட்டு வாங்கிக்குங்க." திரையில் தொகை வரும், பெரிய பொத்தான் வரும். பின்னைப் போடுவார். வரவேண்டிய பணம் போய்விடும். இப்படி ஏமாந்தவர்களில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்களும் உண்டு, கணினிப் பொறியாளர்களும் உண்டு. ஆனால் ஒவ்வொருவரிடமும் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே: "படிச்சுப் பாக்காம ஏன் சார் அழுத்துனீங்க?" 'பணம் பெறப் பின் எண் தேவையில்லை' என்று வருஷக்கணக்காகக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள், போஸ்டர் ஒட்டினார்கள், விளம்பரம் எடுத்தார்கள். கொடுப்பதற்கும் வாங்குவதற்கும் திரை ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிறதே என்பது யாருக்கும் உறைக்கவில்லையா, அல்லது உறைத்தும் போஸ்டரே மலிவு என்று விட்டுவிட்டார்களா?

கடைசியில் என்ன செய்தார்கள்? 2025 அக்டோபர் 1 முதல், தனிநபர் ஒருவர் இன்னொரு தனிநபரிடம் இப்படிக் கோரிக்கை அனுப்பும் வழியையே தேசிய கொடுப்பனவுக் கழகம் மூடிவிட்டது. அவ்வளவுதான். கதவு இருந்தது, திருடன் வந்தான். கதவை அடைத்தார்கள், அந்த வழியாக வரமுடியவில்லை. இடைப்பட்ட வருஷங்களில் ஏமாந்தவர்கள் தங்களை முட்டாள்கள் என்று நினைத்துக்கொண்டு, பிள்ளைகளிடம்கூடச் சொல்லாமல் மென்று விழுங்கியதற்கு யார் பொறுப்பு? கதவை வைத்தவர்கள் யாரும் மன்னிப்புக் கேட்டதாக என் கண்ணில் படவில்லை.

"தமிழ்ல மாத்திக்கலாமே, எல்லா ஆப்லயும் தமிழ் இருக்கே" என்று ஒரு பதில் வரும். இருக்கிறது. அத்தைக்காக ஒன்றை மாற்றிக் கொடுத்துப் பார்த்தேன். 'செல்லாத உள்ளீடு.' 'அங்கீகரிப்பு தோல்வியுற்றது.' 'அமர்வு காலாவதியானது.' அத்தை தினம் செய்தித்தாளைக் கடைசிப் பக்கம் வரை படிக்கிறவர், வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துத் தைத்து வைத்திருப்பவர். "காலாவதின்னா மாத்திரைக்குப் போட்டிருக்கும். இங்க என்னடா காலாவதியாச்சு? அமர்வுன்னா யார் உக்காந்தது?" என்று கேட்டார். 'ரொம்ப நேரம் ஆகிவிட்டது, திரும்ப உள்ளே வாருங்கள்' என்று எழுத எத்தனை செலவாகும்? மூன்றாம் நாள் அவரே சொன்னார்: "பழையபடி இங்கிலீஷ்லயே போட்டுடு. அது புரியலன்னாலும் பழகின எழுத்து." எங்கோ ஒரு கணக்கில், தமிழை வேண்டாம் என்று விட்ட பயனர்களில் ஒருவராக அத்தை பதிவாகியிருப்பார். அந்தக் கணக்கைக் காட்டித்தான் தமிழுக்குக் கேட்பாரில்லை என்று நாளைக்கு ஒருவர் பேசுவார்.

இதன் மறுபக்கம் இன்னும் கொடுமை. அத்தைக்கு ஓடிபி ஆங்கிலத்தில் வருகிறது. அதை யாருக்கும் சொல்லாதீர்கள் என்ற எச்சரிக்கையும் அதே ஆங்கிலத்தில், அதே பொடி எழுத்தில், எண்ணுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறது. ஓடிபியைக் கேட்டுப் போன் செய்கிறவனோ, "அம்மா, சாப்டீங்களா? பேங்க்லேருந்துதான்மா பேசறேன்" என்று தமிழில் பேசுகிறான். இந்த இரண்டு பேரில் வாடிக்கையாளரின் மனசை அறிந்து தொழில் செய்கிறவன் யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. அதைத் தாண்டிப் போகக் கூடாது. பாதுகாப்பு வேண்டாமா? பூட்டு என்றால் திறக்கக் கொஞ்சம் சிரமமாகத்தானே இருக்கும்? ஒத்துக்கொள்கிறேன். ஓடிபி எனக்குத் தொல்லை, ஆனாலும் அதை எடுக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் 'பாதுகாப்புக்காக' என்று சொல்லிவிட்டால் எல்லாச் சிரமமும் புனிதமாகிவிடுகிறதே, அதைத்தான் ஏற்க முடியவில்லை. கடவுச்சொல்லில் பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, நட்சத்திரமோ ஆச்சரியக்குறியோ ஒன்று, மூன்று மாதத்துக்கொருமுறை மாற்றம் என்ற சம்பிரதாயம் எங்கிருந்து வந்தது? அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனத்தில் இருந்த பில் பர் 2003இல் எழுதிய ஒரு வழிகாட்டிக் குறிப்பு அதற்குப் பெரிய காரணம். 2017இல், ஓய்வுபெற்ற பிறகு, அப்படி எழுதியதில் பெரும்பகுதிக்காக வருந்துவதாக அவரே பத்திரிகைப் பேட்டியில் சொன்னார். மனிதர்கள் என்ன செய்வார்கள் என்பது எளிதில் ஊகிக்கக்கூடியது: கடைசியில் இருக்கும் 1ஐ 2 ஆக்குவார்கள். அதே ஆண்டு அந்த நிறுவனமும் விதியை மாற்றிக்கொண்டது. காரணமில்லாமல் அவ்வப்போது மாற்றச் சொல்லாதே, குறியீடு வேண்டும் என்று வற்புறுத்தாதே, நீளமாக இருந்தால் போதும். சட்டம் போட்டவர் வாபஸ் வாங்கிவிட்டார். நம் ஊர்த் தளங்கள் பல இன்னும் பழைய சட்டத்தையே காவல் காக்கின்றன. அத்தையின் கடவுச்சொற்கள் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக, ஐந்து அடித்தல் திருத்தலோடு இருக்கின்றன. பூட்டு பலமாகத்தான் இருக்கிறது. சாவி வாசலில் தொங்குகிறது.

இதுவரை சொன்னவற்றை அஜாக்கிரதை என்று மன்னிக்கலாம். வேண்டுமென்றே செய்வதை என்ன சொல்வது? சேருவதற்கு ஒரு தட்டு, விலகுவதற்கு ஒரு யாத்திரை என்று அமைத்துவிட்டு, விலக முடியாதவரை 'தெரியாதவர்' என்பது எந்த ஊர் நியாயம்? அமேசானின் பிரைம் சந்தாவை ரத்து செய்யும் வழிக்கு அந்த நிறுவனத்துக்குள் என்ன பெயர் வைத்திருந்தார்கள் தெரியுமா? இலியட். டிராய் நகரத்துப் போரைப் பாடும், முடிவே வராதது போல நீளும் ஹோமரின் காவியம். நான்கு பக்கம், ஆறு தட்டு, பதினைந்து தேர்வுகள் என்று 2023இல் அமெரிக்க வணிக ஆணையம் வழக்குப் போட்டபோது எண்ணிக் காட்டியது. 2025 செப்டம்பரில், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, 250 கோடி டாலருக்கு நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. பெயர் வைத்தவர் நகைச்சுவை உணர்வுள்ளவர்தான். வழி நீளமானது என்பது உள்ளே இருந்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது என்பதற்கு அந்தப் பெயரைவிட வேறு சாட்சி வேண்டுமா? வெளியே மாட்டிக்கொண்டவர்தான் தனக்கு விவரம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

நம் நாட்டிலும் 2023 நவம்பர் 30 அன்று இப்படிப்பட்ட 13 தந்திரங்களைப் பெயர் சொல்லித் தடுத்து விதி போட்டிருக்கிறார்கள். கேட்காத பொருளைக் கூடையில் நுழைப்பது, இன்னும் இரண்டே இரண்டு என்று பதற வைப்பது, வேண்டாம் என்பவரைக் கூச வைப்பது எல்லாம் அதில் உண்டு. ஆனால் சென்ற மாதம் ஒரு தளத்தில் பஸ் டிக்கெட் எடுத்தபோது, நான் கேட்காத பயணக் காப்பீடு எனக்காகவே டிக் அடிக்கப்பட்டுக் காத்திருந்தது. டிக்கை எடுத்தேன். 'பரவாயில்லை, என் குடும்பத்தைப் பற்றிக் கவலையில்லாமல் பயணம் செய்கிறேன்' என்ற அர்த்தத்தில் ஒரு வாசகம் வந்தது. அதன்மேல் நான் தட்டினால்தான் அடுத்த பக்கம். கும்பகோணத்துக்கு ஐந்து மணி நேரப் பயணம். குடும்பத்தைப் பற்றிக் கவலையில்லாதவன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் ஏறினேன்.

சில இடங்களில் குறை சொல்லப்படுவது அறிவைக்கூட அல்ல, உடம்பை. ரேஷன் கடைகளில் நாம் எல்லாரும் பார்த்த காட்சி: விரலை வைக்கிறார்கள், யந்திரம் ஏற்கவில்லை. "ரேகை விழல பாட்டி, வேற விரல் வைங்க." வேறு விரல். "தலையில தேச்சுட்டு வைங்க." தலையில் தேய்த்துவிட்டு மறுபடி. பாத்திரம் துலக்கியும் நாற்று நட்டும் செங்கல் தூக்கியும் ரேகை தேய்ந்த விரல்கள்தானே ரேஷன் கடைக்கு அதிகம் வரும்? அரிசி யாருக்கோ அவர்களின் விரலை மனதில் வைத்துக் கருவியைத் தேர்ந்தெடுக்காமல், தேய்ந்த விரலையே தப்பான விரல் ஆக்கிவிட்டோம். வங்கிகளின் இணையவழிச் சரிபார்ப்பிலோ, கேமரா முன்னால் கண்ணைச் சிமிட்டச் சொல்கிறார்கள், ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்க. அமில வீச்சில் முகம் சிதைந்து, இமை மூட முடியாத பெண் ஒருவருக்கு இதனால் கணக்குத் திறக்க முடியாமல் போய், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 ஏப்ரல் 30இல் வந்த தீர்ப்பு, இணையவழிச் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்றது. மாற்றவேண்டியவை என்று 20 கட்டளைகளும் பிறப்பித்தது. மாறவேண்டியது கேமரா முன் நிற்பவர் இல்லை என்று சொல்ல உச்ச நீதிமன்றம் வேண்டியிருக்கிறது.

'எல்லாருக்கும் ஒழுங்கா வேலை செய்யுது, உங்களுக்கு மட்டும்தான் பிரச்சினை' என்ற வாசகத்தை வாடிக்கையாளர் சேவையில் நீங்கள் கேட்டிருப்பீர்கள். அது எவ்வளவு ஆபத்தான வாசகம் என்பதற்கு பிரிட்டன் சாட்சி. அங்கே 1999 முதல் அஞ்சலகங்களில் ஹொரைசன் என்ற கணினிக் கணக்கு முறையைக் கொண்டுவந்தார்கள். ஊர்ப்புறத்தில் சின்ன அஞ்சலகம் நடத்தியவர்களின் கல்லாவில் பணம் குறைவதாக அது காட்டத் தொடங்கியது. உதவிக்கு அழைத்தபோது, வேறு யாருக்கும் இப்படி வரவில்லை என்றே பலருக்கும் பதில் வந்தது. கணினி சரியாகத்தான் வேலை செய்திருக்கும் என்பது அந்த நாட்டுச் சட்டத்தின் அனுமானமும்கூட. 900க்கு மேற்பட்டவர்கள் திருட்டு, பொய்க்கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள், பலர் வீடு வாசல் இழந்தார்கள், சிலர் உயிரையே விட்டார்கள். ஆலன் பேட்ஸ் என்பவரும் மற்றவர்களும் சேர்ந்து போட்ட வழக்கில், மென்பொருளில்தான் கோளாறு என்று 2019இல் நீதிமன்றம் சொன்னது. 2024இல் நாடாளுமன்றமே சட்டம் போட்டுத் தண்டனைகளை ரத்து செய்தது. ஒவ்வொருவரையும் தான் மட்டும்தான் என்று நம்பவைக்க முடிந்ததால்தான் அத்தனை வருஷம் ஓடியது. பக்கத்து ஊர்க்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவரும் அதையே சொல்லியிருப்பார். அவமானம் கேட்கவிடவில்லை. அத்தை 'வராது' என்று சொன்ன குரல் எனக்கு இங்கே நினைவுக்கு வருகிறது.

இப்படியெல்லாம் எழுதுகிறவனை, 'சரி, அந்தக் காலமே தேவலை என்கிறாயா' என்று மடக்குவார்கள். இல்லை. அந்தக் காலத்தில் ரயில் முன்பதிவுக்கு விடியற்காலை நாலு மணிக்குத் துண்டு போட்டு இடம் பிடித்தவன் நான். டிரங்க் கால் புக் பண்ணிவிட்டு அரைநாள் காத்திருந்தவர் என் அப்பா. எனக்கு அந்தக் காலத்தின்மேல் எந்த மோகமும் இல்லை. என் வாதத்துக்குப் பலமே இந்தக் காலத்து நல்ல கருவிகள்தான்.

கும்பகோணம் மார்க்கெட்டில் மீன் விற்கிற அம்மாவைப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாது. கை எப்போதும் ஈரம், செதில். அவர் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பேசும் பெட்டி. காசு வந்தால் அதுவே தமிழில், மார்க்கெட் இரைச்சலுக்கு மேல் கேட்கும்படி, இத்தனை ரூபாய் வந்தது என்று சொல்லிவிடும். போனை எடுக்க வேண்டாம், கை துடைக்க வேண்டாம், ஆங்கிலக் குறுஞ்செய்தியை எழுத்துக்கூட்ட வேண்டாம். போலி ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டு மீனோடு நழுவுகிறவனும் மாட்டிக்கொள்வான். அந்த அம்மாவுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. பெட்டிக்குத்தான் யாரோ வகுப்பு எடுத்திருக்கிறார்கள்: இவள் கை ஈரமாக இருக்கும், இங்கே சத்தம் அதிகம், இவளுக்குத் தெரிந்த மொழி இது. 2016இல் தொடங்கிய யுபிஐ 2023 ஆகஸ்டிலேயே மாதம் 1,000 கோடிப் பரிவர்த்தனையைத் தாண்டியது. அந்தக் கோடிகளில் கீரைக்கட்டும் கால் கிலோ நெத்திலியும் அடக்கம். இந்த நாட்டு ஜனங்களுக்கு டெக்னாலஜி வராது என்றால் அந்த எண் எங்கிருந்து வந்தது?

அத்தையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2017இல் தமிழில் பேசித் தேடும் வசதி வந்தது. எழுத்துப் பலகையைக் கண்டாலே கூசுகிறவர், மைக் பொத்தானை அழுத்தி "மணத்தக்காளி வத்தல் பூசணம் பிடிச்சா என்ன பண்றது" என்று கேட்கிறார். வாட்ஸப்பில் நீண்ட குரல் பதிவுகள் அனுப்புகிறார். ஆறு நிமிஷத்துக்குக் குறைந்து நான் ஒன்றும் பெற்றதில்லை. பெங்களூருப் பேத்திக்கு வீடியோவில் பாபின் கோக்கச் சொல்லிக்கொடுத்ததும் இவர்தான். அதே போன், அதே 74 வயது, அதே கண்ணாடி. ஒரு திரையில் ஆசிரியையாக இருக்கிறவர் அடுத்த திரையில் மக்காகிவிடுகிறார் என்றால், இடையில் மாறியது எது?

தையல் மெஷினுக்கும் வங்கிச் செயலிக்கும் என்ன வித்தியாசம் என்று அவரையே கேட்டேன். யோசிக்காமல் சொன்னார்: "மெஷின்ல தப்பு விழுந்தா துணியில தெரியும். பிரிச்சுட்டு மறுபடி தெக்கலாம். இதுல என்ன தப்புன்னும் சொல்ல மாட்டேங்குது, பிரிக்கவும் விட மாட்டேங்குது." வடிவமைப்பைப் பற்றி நான் படித்த தடித்தடிப் புத்தகங்கள் இதற்குமேல் அதிகம் சொல்லவில்லை. பணம் கணக்கிலிருந்து போய் எதிராளிக்குச் சேராமல் நடுவில் நின்றுவிட்டால், மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், வராவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு என்று ரிசர்வ் வங்கி 2019லேயே விதித்திருக்கிறது. பணம் தொங்கும் அந்த நேரத்தில் நான் பார்த்த எந்தத் திரையும் இந்த வரியைக் காட்டியதில்லை. சின்னதாக ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். அத்தை அதையே பார்த்தபடி பூஜை அறை வாசலில் உட்கார்ந்திருப்பார்.

"இளைஞர்கள் செய்றாங்களே" என்ற கடைசி அம்பு ஒன்று மிச்சம். என் மகள் இளைஞி. இலவசமாக ஒரு வாரம் என்று சேர்ந்த செயலி ஒன்று மாதாமாதம் 199 ரூபாய் எடுத்துக்கொண்டிருக்கிறது. நிறுத்தும் இடத்தை அவள் மூன்று தடவை தேடிவிட்டு விட்டுவிட்டாள். அவள் மின்னஞ்சலில் படிக்காதவை ஆயிரக்கணக்கில். மறந்த கடவுச்சொல்லுக்கு அவளுடைய வைத்தியம், புதிதாக ஒரு கணக்குத் தொடங்குவது. தோற்றதை அவள் தோல்வியாக எடுத்துக்கொள்வதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அத்தை வெட்கப்படுகிறார், இவள் தோளைக் குலுக்குகிறாள். அந்தத் தோள் குலுக்கலைத்தான் நாம் திறமை என்று மெச்சிக்கொண்டிருக்கிறோம்.

வைப்புத்தொகையைக் கடைசியில் வங்கிக்கே போய், அதே கவுண்டரில், காகிதத்தில் எழுதிக் கொடுத்துத்தான் புதுப்பித்தோம். நானும் கூடப் போயிருந்தேன். அன்று இரவு செய்தி நேரத்துக்கு அத்தை ரிமோட்டை எடுத்தார், பார்க்காமலே அழுத்தினார், சரியாகச் செய்தி வந்தது. வாங்கிப் பார்த்தேன். கேபிள் பெட்டி ரிமோட்டின் மூலைப் பொத்தானில் பெரிய ஸ்டிக்கர் பொட்டு, கல் வைத்தது. சேனல் மாற்றும் பொத்தானில் சின்னப் பொட்டு. டிவி ரிமோட்டில் ஓடிடிப் பெயர்கள் இருந்த வரிசை முழுக்க மருந்துக்கடை பிளாஸ்திரி.

"எப்ப அத்தை ஒட்டினீங்க?"

"ரெண்டு மாசமாச்சு. தடவிப் பாத்தாலே தெரியறது. கல்லு உதிர்ந்தா வேற ஒட்டிக்கணும்" என்றார், கண்ணைச் செய்தியிலிருந்து எடுக்காமல்.